முள்ளிவாய்க்கால் நினைவேந்தல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆண்டும் மே பிறந்ததும் நினைவேந்தல் வேலைகளில் நிற்கிற எங்களிடம் அதே கேள்விகள்தான் வரும். புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகள் கேட்பார்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்பார்கள். போர் நடந்த வன்னிக்குள் இருந்து தப்பி வந்தவர்களும் தயங்கித் தயங்கிச் சிலதைக் கேட்பார்கள். கேட்டவர்களின் வாய்ச்சொல்லை மாற்றாமல் கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்களில் உள்ள கருத்துகளுக்கு நானே பொறுப்பு.

மே 18 எண்டால் என்ன? ஏன் அந்த நாள்?

2009 மே 18 அன்று இலங்கை அரசு விடுதலைப் புலிகளுடனான போர் முடிந்துவிட்டது என்று அறிவித்தது. அதன் கடைசி நாட்கள் கழிந்த இடம் முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள முள்ளிவாய்க்கால். மாதக்கணக்காக ஷெல்லடிக்குள் அகப்பட்டிருந்த பொதுமக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்ட இடமும் அதுவே. அதனால் அந்த நாளைத் தமிழர்கள் இறந்தவர்களுக்கான நாளாக வைத்துக்கொண்டார்கள். தெற்கில் மே 19 படையினரின் வெற்றியைக் கொண்டாடும் நாளாக இருந்துவந்திருக்கிறது.

மே 12 முதல் 18 வரையான கிழமை முழுவதும் ஊரூராக நினைவேந்தல் நடக்கும். 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலிலேயே உள்ள நினைவு முற்றத்தில் உறவை இழந்த ஒருவர் பொதுச்சுடரை ஏற்ற, மற்றவர்கள் தங்கள் தங்கள் தீப்பந்தங்களைக் கொளுத்துவார்கள்.

முள்ளிவாய்க்கால் எங்க இருக்கு? சனம் ஏன் அங்க போனது, வேற பக்கம் ஓடியிருக்கலாமே?

கிழக்கே கடல், மேற்கே நந்திக்கடல், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அங்கே விரும்பிப் போனவர்கள் யாருமில்லை. மன்னார்ப் பக்கத்தில் 2007இலேயே இடம்பெயரத் தொடங்கிய குடும்பங்கள் மல்லாவி, அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு என்று ஒவ்வொரு ஊராகக் கொட்டில் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுக் கிழக்கே தள்ளப்பட்டன. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். போக வேண்டாம் என்று சனம் வாசலில் நின்று மன்றாடியது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி படையினர் கைக்குப் போனது.

அதன்பிறகு அரசு மூன்று முறை பாதுகாப்பு வலயம் அறிவித்தது. ஜனவரியில் உடையார்கட்டு, சுதந்திரபுரம் பக்கம். பெப்ரவரி 12இல் மாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையான கரையோரம். மே 8இல் அதற்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு. இங்கே வாருங்கள் என்று சொன்ன இடங்களுக்குள்ளேயே ஷெல் விழுந்தது என்பதை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியிருக்கிறது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை பெப்ரவரித் தொடக்கத்தில் பலமுறை தாக்கப்பட்டது. காயக்காரரை ஏற்றிய செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் புதுமாத்தளன் கரையில் வந்து நின்றால், அதில் யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்று வைத்தியர்கள் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது.

வேறு பக்கம் ஓடப் பார்த்தவர்களும் உண்டு. அவர்களைப் புலிகள் தடுத்தார்கள், சிலரைச் சுட்டார்கள். அதுவும் அதே அறிக்கையில் இருக்கிறது. இதைப் பற்றிக் கீழே தனிக் கேள்வி வருகிறது.

எத்தினை பேர் செத்தவை? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கணக்குச் சொல்லுகினம்.

எல்லாருக்கும் உள்ள குழப்பம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த எண்கள் ஒரே விஷயத்தை எண்ணியவை அல்ல. ஐ.நா.வின் கொழும்புப் பணியாளர்கள் போர் நடக்கும்போதே உள்ளேயிருந்து வந்த தகவல்களை வைத்து மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அது சரிபார்க்க முடிந்த சாவுகளின் கணக்கு. கடைசி நாட்கள் அதற்குள் இல்லை. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டை எடுத்துச் சொன்னது. 2012இல் ஐ.நா. தன் சொந்தச் செயற்பாட்டை ஆராய்ந்து எழுதிய உள்ளக அறிக்கை, 70,000க்கு மேற்பட்டோருக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை என்றது.

நீங்கள் அடிக்கடி கேட்கும் 1,46,679 என்ற எண் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அவர்கள் 2011 ஜனவரியில் அரசின் ஆணைக்குழு முன் வைத்தது. அவர் செய்தது நேரடியான கழித்தல். 2008 ஒக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள், கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகக் கணக்கின்படி 4,29,059. போர் முடிந்தபோது அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மிச்சப் பேர் எங்கே என்று கேட்டார். இறந்தவர்கள் இத்தனை பேர் என்று அவர் சொல்லவில்லை, கணக்கில் வராதவர்கள் இத்தனை பேர் என்றே சொன்னார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை அரசு பதில் தரவில்லை. ஆயர் 2021 ஏப்ரல் 1இல் காலமாகிவிட்டார்.

அரசின் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 தொடக்கத்தில் உள்ளே இருப்பவர்கள் 70,000 பேர்தான் என்றது, உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்கே அனுப்பப்பட்டன. கடைசியில் உயிரோடு வெளியே வந்தவர்களே இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். ஆகவே மேடையில் பேசும்போது எந்த எண்ணைச் சொன்னாலும், யார் எப்போது எதை எண்ணிச் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண்ணைப் பெருப்பித்தால் துயரம் பெருகாது, மறுக்க வருகிறவனுக்குத்தான் வேலை சுலபமாகும்.

கஞ்சி ஏன் காய்ச்சுறீங்கள்? அது சாமிக்குப் படைக்கிற மாதிரியா?

இல்லை. அங்கே கடைசி மாதங்களில் சனத்துக்குக் கிடைத்த சாப்பாடு அதுதான். கொஞ்ச அரிசி, நிறையத் தண்ணீர், உப்பு. தேங்காய் அகப்பட்ட நாட்களில் பால் விட்டார்கள், பிறகு அதுவுமில்லை. கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்திலேயே ஷெல் விழுந்து செத்த குழந்தைகள் உண்டு. அதனால் மே மாதம் கோயில் வீதியிலும் சந்தியிலும் பள்ளிக்கூட வாசலிலும் கஞ்சி காய்ச்சிப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுக்கிறோம்.

ருசியாகக் காய்ச்ச வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பயறு, முந்திரிகை, மரக்கறி எல்லாம் போட்டு விருந்துக் கஞ்சி ஆக்குகிற வழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறது. அங்கே இருந்தவர்கள் குடித்ததை அப்படியே கொடுங்கள், பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது.

மாவீரர் நாளும் இதுவும் ஒண்டுதானே?

இல்லை. நவம்பர் 27 போராடி இறந்த புலி உறுப்பினர்களுக்கான நாள். மே 18 கொல்லப்பட்ட மக்களுக்கானது. இரண்டு நாளிலும் அழுகிற தாய் ஒருவராகவே இருக்கலாம், அது வேறு. ஆனால் நிகழ்வை நடத்துகிறவர்கள் இரண்டையும் கலக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கொல்லப்பட்டவர்கள் எல்லாரும் புலிகள் என்று சொல்லித்தான் அந்தச் சாவுகளை நியாயப்படுத்தினார்கள். அந்தப் பொய்க்கு நாங்களே மேடை போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

2009க்கு முதல் நடந்ததெல்லாம் மறந்தாச்சா? எங்கட மட்டக்களப்பை ஒருத்தரும் சொல்லுறேல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டவரின் கோபம் நியாயமானது. கிழக்கின் சாவுகள் கிழக்கில் மட்டும் நினைவுகூரப்படுகின்றன. 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேரைப் படையினர் பிடித்துப் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து, செப்டெம்பர் 9 இரவு, சத்துருக்கொண்டான், பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் ஊர்களைச் சேர்ந்த 184 பேர் கொல்லப்பட்டார்கள். கைக்குழந்தைகளும் அதில் அடக்கம். கொக்கட்டிச்சோலையில் இரண்டு படுகொலை நடந்தது, 1987 ஜனவரியில் ஒன்று, 1991 ஜூனில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து ஆண்டைப் பாருங்கள்.

வடக்கிலும் அப்படித்தான். 1985 மே 15 நெடுந்தீவுக் கடலில் குமுதினிப் படகில் வந்தவர்களைக் கடற்படையினர் வெட்டிக் கொன்றார்கள். 1995 ஜூலை 9 நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் விழுந்த குண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்கள் படை நடவடிக்கைக்குப் பயந்து கோயிலடியில் ஒதுங்கியவர்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 22 நாகர்கோவில் மகாவித்தியாலயத்தில் பள்ளி நேரத்தில் குண்டு விழுந்தது. 2006 ஓகஸ்டில் மூதூரில் பட்டினிக்கு எதிரான அமைப்பு என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1983 ஜூலையில் தெற்கில் நடந்தவை எல்லாருக்கும் தெரியும், ஆனால் வெலிக்கடைச் சிறைக்குள் ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை இளையவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்கவே இல்லை.

மே 18 நிகழ்வில் இவற்றையெல்லாம் பட்டியலாக ஓதி முடிப்பதை நான் விரும்புவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்கான நாள் இருக்கிறது. அந்தந்த நாளில் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பேச வையுங்கள். பத்துப் பேர் வந்தாலும் போதும்.

இலங்கையில இதை நினைவுகூருறது குற்றமா? பயமாயிருக்கு.

இறந்த பொதுமக்களுக்கு விளக்கேற்றுவதைத் தடைசெய்கிற சட்டம் கிடையாது. நடைமுறை வேறு. பொது இடைஞ்சல், தொற்றுநோய், இன முறுகல் என்று ஏதாவது காரணம் சொல்லி பொலிஸார் நீதவானிடம் தடையுத்தரவு வாங்குவார்கள். 2024 மே மாதம் திருகோணமலைச் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைதானார்கள். 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடித்துத் தள்ளப்பட்டது. மாணவர்கள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள், மூன்றாம் நாள் அதே இடத்தில் மறுபடி அடிக்கல் வைக்கப்பட்டது, ஏப்ரலில் தூபி திரும்ப எழுந்தது.

புலிகள் தடைசெய்யப்பட்ட அமைப்பு. அவர்களின் கொடி, சின்னம், தலைவர் படம் ஆகியவற்றைப் பயன்படுத்தினாலோ முகநூலில் போட்டாலோ பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கலாம், பிடித்துமிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து நீங்கள் துணிச்சலாக ஒரு படத்தைப் போட்டு ஊரிலுள்ள மச்சானை அதில் இணைத்தால் பொலிஸ் போகிறது மச்சானின் வீட்டுக்கு. இதை யோசித்துச் செய்யுங்கள்.

அண்ணா காணாமல் போனவர். அவருக்கு விளக்கு ஏத்தலாமோ? அம்மா வேண்டாம் எண்டுறா.

அம்மா சொல்வதைக் கேளுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. 2009 மே 17, 18ஆம் திகதிகளில் முள்ளிவாய்க்காலை அடுத்த வட்டுவாகல் பாலத்தடியில் எத்தனையோ தாய்மாரும் மனைவிமாரும் தங்கள் கையாலேயே பிள்ளையை, கணவனை இராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். பஸ்ஸில் ஏற்றியதைக் கண்ணால் கண்டவர்களிடம் அவன் செத்துவிட்டான், விளக்கேற்று என்று சொல்ல யாருக்கு உரிமை? உயிரோடு கொடுத்தோம், என்ன செய்தீர்கள் என்பது அவர்களுடைய கேள்வி. அதற்குப் பதில் வாங்கத்தான் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரப் பந்தலில் உட்கார்ந்தார்கள். வருடங்கள் போய்விட்டன. உட்கார்ந்தவர்களில் பல தாய்தந்தையர் பதில் தெரியாமலே இறந்துபோனார்கள்.

அரசு காணாமல் போனோர் அலுவலகம் அமைத்தது, ஆள் காணப்படவில்லை என்பதற்குச் சான்றிதழ் தருகிறது, நட்டஈடும் தருவதாகச் சொல்கிறது. வாங்கினால் வழக்கு முடிந்துபோகும் என்று பல குடும்பங்கள் மறுக்கின்றன. வறுமையால் வாங்கிய குடும்பங்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்லாதீர்கள். காணாமல் போனவருக்கென்று ஓகஸ்ட் 30 இருக்கிறது. அன்று அம்மாவோடு போய் அண்ணாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மே 18 நிகழ்வு நடத்துகிறவர்கள் சுடர் வரிசையில் வைக்கும் படங்களைக் குடும்பத்தைக் கேட்காமல் வைக்கக் கூடாது.

இனப்படுகொலை எண்டு சொல்லலாமா? ஐ.நா. அப்பிடிச் சொல்லேல்லையே.

ஐ.நா.வின் 2011, 2015 அறிக்கைகள் போர்க்குற்றங்களும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களும் நடந்திருக்கலாம் என்பதற்கு வலுவான ஆதாரம் கண்டன. இனப்படுகொலை என்று அவை முடிவு சொல்லவில்லை என்பது உண்மை. 1948 உடன்படிக்கையின்படி ஒரு இனத்தை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். அதை ஒரு நீதிமன்றம் விசாரித்ததே இல்லை. வட மாகாண சபை 2015 பெப்ரவரியில் இனப்படுகொலைத் தீர்மானம் நிறைவேற்றியது. கனடா நாடாளுமன்றம் 2022 மே 18இல் அந்த நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏகமனதாக ஏற்றது.

நான் சொல்வேன், தயக்கமில்லாமல். பாதுகாப்பு வலயம் என்று அழைத்து அதற்குள் அடித்ததும், ஆட்தொகையைக் குறைத்துக் காட்டி உணவையும் மருந்தையும் மறித்ததும், எஞ்சி வந்த மக்களை வவுனியாவிலிருந்த மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் அடைத்ததும் தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956 முதல் நடந்தவற்றின் தொடர்ச்சியாகவே எனக்குத் தெரிகிறது. ஆனால் சாட்சியம் பதியும்போது அந்தச் சொல்லைத் தவிர்த்து, கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். குற்றத்துக்குப் பெயர் வைப்பது விசாரிக்கிறவர்களின் வேலை.

புலிகளும் செய்தவைதானே? அதை ஏன் கதைக்கிறேல்லை?

கதைக்க வேண்டும். கடைசி மாதங்களில் புலிகள் மக்களை வெளியேற விடாமல் மறித்தார்கள், தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள், பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துச் சண்டைக்கு அனுப்பினார்கள். வன்னியிலிருந்து வந்த எந்தக் குடும்பத்தையும் கேளுங்கள், பங்கருக்குள் பிள்ளையை ஒளித்து வைத்த கதை இருக்கும். 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டது, அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் விரட்டியது, 1985 மே 14 அனுராதபுரத்தில் சிங்களப் பொதுமக்களைக் கொன்றது, இவையெல்லாம் நடந்தவை.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இரண்டு வகை. முழுக் கதையையும் அறிய விரும்புகிறவர்களுக்கு மேலே சொன்னதுதான் பதில். மற்றவர்கள் இதைச் சொல்லி அரசின் குற்றத்தை அழிக்கப் பார்ப்பவர்கள். ஒரு குற்றம் இன்னொரு குற்றத்தை இல்லாமலாக்காது. புலிகள் மறித்து வைத்திருந்தார்கள் என்பது அந்தக் குழந்தை மேல் ஷெல் அடிக்க யாருக்கும் அனுமதி ஆகாது. எங்கள் இறந்தவர்களை உலகம் ஏற்க வேண்டும் என்று கேட்கிற நாங்கள் காத்தான்குடிக்காரரின் இறந்தவர்களையும் ஏற்கத்தான் வேண்டும்.

பிள்ளையளுக்கு எத்தினை வயசில சொல்லுறது? படங்களைக் காட்டலாமோ?

ஏழு எட்டு வயதில் கஞ்சியையும் இடம்பெயர்வையும் சொல்லலாம். வீட்டை விட்டுப் போனது, சேலையைக் கிழித்து மண் மூட்டை தைத்தது, தறப்பாளுக்குக் கீழே பள்ளிக்கூடம் நடந்தது, இவை பிள்ளைகளுக்கு விளங்கும். சாவை மறைக்க வேண்டாம், விவரிக்கவும் வேண்டாம். உடல்கள் உள்ள படங்களைப் பதினைந்து பதினாறு வயது வரை காட்டவே கூடாது என்பேன். மண்டப வாசலிலேயே அவற்றைப் பெரிதாக அச்சடித்து வைக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அந்தப் படத்தில் இருப்பவர் ஒரு வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டார் அதே வாசலால்தான் உள்ளே வருகிறார்கள்.

இணையத்தில வாற படமெல்லாம் உண்மையா?

இல்லை. வேறு நாட்டுப் போர்ப் படங்கள் முள்ளிவாய்க்கால் என்று சுற்றுகின்றன. இப்போது கணினி வரைந்த படங்களும் சேர்ந்துவிட்டன. 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய, கைகட்டிய நிலையில் ஆட்களைச் சுடும் காணொளியைப் போலி என்று இலங்கை அரசு சொன்னது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் தடயவியல் நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, அது உண்மையானது என்றே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். ஒரு உண்மைக் காணொளியை நிலைநிறுத்தவே இவ்வளவு பாடு. நீங்கள் பகிர்கிற ஒரு பொய்ப் படம் அதை எல்லாம் சந்தேகத்துக்குள் தள்ளிவிடும். எடுத்தவர், இடம், நாள் தெரியாத படத்தைப் பகிராதீர்கள்.

அம்மம்மா அதைப் பற்றி வாயே திறக்க மாட்டா. எப்பிடிக் கேக்கிறது?

என்ன நடந்தது, யார் செத்தார்கள் என்று தொடங்காதீர்கள். பாதையைக் கேளுங்கள். வீட்டிலிருந்து முதல் எங்கே போனீர்கள், யார் வீட்டு வளவில் இருந்தீர்கள், என்ன கொண்டுபோனீர்கள், சைக்கிளில் யார் இருந்தார், ஆடு மாட்டை யாரிடம் விட்டீர்கள். ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம் என்று வரும்போது அவரே ஓரிடத்தில் நிற்பார். அங்கே தள்ளாதீர்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்து வேறு கதை கதையுங்கள். அடுத்த கிழமை விட்ட இடத்திலிருந்து அவராகவே தொடங்கக்கூடும், தொடங்காமலும் விடலாம். சொல்லாமல் இருப்பதும் அவருடைய உரிமை.

பதிவு செய்ய முதல் சம்மதம் கேளுங்கள், முடிந்த பிறகும் ஒருமுறை கேளுங்கள். திகதி நினைவில்லை என்றால் அழுத்தாமல் பக்கத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். தைப்பொங்கலுக்கு முன்னா பின்னா, கப்பல் வந்த காலமா, புலிகளின் மாத்தளன் மண் அணை உடைந்து சனம் இராணுவப் பக்கம் போன நாளா? அந்த அணை உடைந்தது ஏப்ரல் 20 என்று நமக்குத் தெரியும், மற்றதைப் பொருத்திக்கொள்ளலாம். பதிந்ததை வெட்டாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். ஊரில் உயிரோடு இருப்பவர்களின் பெயர் வருகிற பகுதியை வெளியிடவே வேண்டாம்.

நான் தமிழ்நாட்டுக்காரன். இதுல எங்களுக்கு என்ன பங்கு இருக்கு?

தஞ்சாவூரை அடுத்த விளாரில் 2013இல் திறக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் முற்றம் என்ற நினைவிடம் உங்கள் மக்களின் பங்கைச் சொல்லும். ஆனால் இரண்டு விஷயம் சொல்ல ஆசை. இந்திய அமைதிப் படை 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்து வைத்தியர், தாதியர், நோயாளர் என்று அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1989 ஓகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் அறுபதுக்கு மேல். தமிழ்நாட்டு மேடைகளில் இவை அரிதாகவே பேசப்படுகின்றன. இன்றும் ஒக்டோபர் 21இல் அந்த வைத்தியசாலை ஊழியர்கள் இறந்த தங்கள் சகாக்களின் படங்களுக்கு மாலை போடுகிறார்கள்.

அப்புறம், உங்கள் மாவட்டத்திலேயே ஈழத்தமிழர் முகாம் இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் அப்படி நூற்றுக்கு மேல் உண்டு. 1983க்கும் 1990க்கும் சாட்சிகள் அங்கே வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். மேலே அம்மம்மாவுக்குச் சொன்ன முறையிலேயே அவர்களிடமும் கேட்கலாம்.

கூட வேலை செய்யிற சிங்களப் பெடியன் வரக் கேக்கிறான். கூட்டிக்கொண்டு வரலாமோ?

தாராளமாக. 2022 மே 18 கொழும்புக் காலிமுகத்திடலில் அரசுக்கு எதிராகத் திரண்டிருந்த போராட்டக்காரர்கள் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலை நடத்திக் கஞ்சி கொடுத்தார்கள், சிங்களவர்களும் வாங்கிக் குடித்தார்கள். வருகிறவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள், மேடையில் ஏற்றிப் படமும் எடுக்காதீர்கள்.

அரசியல்வாதியள் பேசலாமோ?

வரலாம், மற்றவர்களோடு வரிசையில் நின்று விளக்கேற்றலாம். பேச வேண்டியதில்லை.

நீதி ஒண்டும் வரேல்லை. நினைவை மட்டும் வைச்சு என்ன பிரயோசனம்?

நீதி வரவில்லை என்பது சரி. 1996 குமாரபுரம் படுகொலை வழக்கில் இராணுவத்தினர் 2016இல் விடுதலையானார்கள். 2000 டிசம்பரில் மிருசுவிலில் குழந்தை உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற ஒரே சிப்பாய்க்கு 2020 மார்ச்சில் ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்தார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய உடன்படிக்கையில் இலங்கை கையெழுத்திடவில்லை, ஆகவே இலங்கை தானாக ஏற்காவிட்டால், ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பினால்தான் வழக்கு அங்கே போகும்.

ஆனால் யாழ்ப்பாணத்துச் செம்மணியைப் பாருங்கள். 1998இல் ஒரு பள்ளி மாணவியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய், செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டி 15 உடல்களை எடுத்ததோடு விட்டுவிட்டார்கள். 2025 பெப்ரவரியில் செம்மணியை அடுத்த அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அதன்பின் நீதிமன்றக் கண்காணிப்பில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன, குழந்தைகளுடையவையும் அதில் உண்டு. ஒரு புத்தகப்பையும் விளையாட்டுப் பொம்மையும் கூடக் கிடைத்தன. அந்தப் பையை அடையாளம் காட்ட யாராவது வேண்டும். தன் பிள்ளை எந்த நாள், எந்தச் சந்தியில், என்ன உடுப்போடு பிடிபட்டான் என்று முப்பது வருடமாக மறக்காமல் வைத்திருக்கிற தாயால்தான் அது முடியும். நினைவின் பிரயோசனம் என்ன என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

பெயர்ப் பட்டியல் கன பேர் எடுத்தாச்சு. ஏற்கெனவே குடுத்தனாங்கள். திரும்பவும் குடுக்கோணுமோ?

கொடுங்கள். ஒரே பெயர் பல பட்டியல்களில் இருப்பது வீண் வேலை இல்லை. உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேசச் செயற்றிட்டம் என்ற அமைப்பும் புள்ளியியல் அறிஞர்களும் சேர்ந்து, 2009 மே 17 முதல் 19 வரை இராணுவத்திடம் சரணடைந்து காணாமல் போனவர்களின் பட்டியல்களை ஒப்பிட்டார்கள். பட்டியல்கள் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்பதை வைத்து, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் எத்தனை பேர் இருக்கலாம் என்று கணிக்க முடியும். அந்த மூன்று நாட்களுக்கு மட்டும் சுமார் 500 பேர் என்று 2018இல் மதிப்பிட்டார்கள். மேலே மூன்றாம் கேள்வியில் சொன்ன பெரிய எண்களை உறுதிப்படுத்தவும் இந்த வழிதான் உண்டு.

ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் அலுவலகமும் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 2021ஆம் ஆண்டு 46/1 தீர்மானத்துக்குப் பிறகு இலங்கை பற்றிய ஆதாரங்களைச் சேர்த்து வருகிறது. எங்கே கொடுத்தாலும் முழுப் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், பிறந்த ஆண்டு, சொந்த ஊர், தாய் தந்தை பெயர், கடைசியாகக் கண்ட இடமும் நாளும், கண்டவர் யார் என்பவற்றை எழுதுங்கள். ஒரே வீட்டில் எல்லாரும் இறந்துபோன குடும்பங்களுக்குக் கொடுக்க ஆளில்லை. உங்கள் பக்கத்து வளவில் அப்படி ஒரு குடும்பம் இருந்திருந்தால் அவர்களுடையதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். பிறந்த ஆண்டு தெரியாவிட்டால் பரவாயில்லை, எந்த வகுப்பில் படித்தான் என்று எழுதினால் போதும்.